படிக்கட்டில் வயலின், குளியல் அறையில் பாட்டு!

லண்டனில் ஹாலோவே ரோடு என்று ஒரு தெரு. அதில் 304-ம் எண் வீடு. கீழே தோல் சாமான் கடை. மேலே மூன்று மாடி.

அந்த மாடியில் இருந்துதான் உலகத்தையே ஆட வைத்த இசைத்தட்டு ஒன்று 1962-ல் புறப்பட்டது. அதை உருவாக்கியவர், ஜோ மீக்.

இவர் பாடகர் அல்ல. எந்த வாத்தியத்திலும் கெட்டிக்காரர் அல்ல. இசைக்குறிப்பு எழுதவும் தெரியாது! இவர் இசைத்தட்டு தயாரிப்பாளர். சினிமாவுக்கு டைரக்டர் எப்படியோ, அப்படித்தான் இசைத்தட்டுக்குத் தயாரிப்பாளர். யார் பாடுவது, மைக்கை எங்கே வைப்பது, சத்தம் எப்படி ஒலிப்பது என்று எல்லாம் அவர் பொறுப்பு.

தோட்டத்துக் கொட்டகை

ஜோ மீக் 1929-ல் இங்கிலாந்தில் நியூவென்ட் என்ற சிற்றூரில் பிறந்தார். மற்றப் பிள்ளைகள் பந்து ஆடினார்கள். இவரோ தோட்டத்துக் கொட்டகையில் ரேடியோ சாமான்களைக் குவித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வளர்ந்ததும் விமானப் படையில் ரேடார் வேலை. பிறகு மின்சார வாரியத்தில் வேலை. 1954-ல் லண்டன் ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றில் சேர்ந்தார்.

மைக்கை வாத்தியத்தின் வாய்க்கே கொண்டுபோய் வைப்பார். "இது முறை அல்லவே!" என்று மற்றவர்கள் முகம் சுளித்தார்கள். ஒத்துப்போகவில்லை. சொந்தமாகவே தொழில் தொடங்கினார்.

வீடே ஒலிக்கூடம்

வாடகை வீடுதான் ஒலிக்கூடம். வயலின்காரர்கள் படிக்கட்டில் நிற்பார்கள். கூடப் பாடுகிறவர்கள் குளியல் அறையில்! அங்கே குரல் எதிரொலிக்கும் அல்லவா? ஒரு பாட்டுக்குத் தாளம் பலமாக வேண்டும் என்று, மரப் படிக்கட்டில் காலால் மிதிக்கச் சொன்னார். சைக்கிள் கிளிப்பால் மைக்கைக் கைப்பிடிக் கம்பியில் மாட்டிவிட்டார். அந்தப் பாட்டு 1964-ல் இங்கிலாந்தில் முதல் இடம் பிடித்தது.

கீழ் வீட்டில் இருந்த வீட்டுக்காரி அம்மாள், இரைச்சல் தாங்காமல் துடைப்பக் கட்டையால் கூரையை இடிப்பாராம். மீக் என்ன செய்வார்? ஒலிபெருக்கியை இன்னும் கூட்டி வைப்பார்!

வானத்தில் இருந்து வந்த மெட்டு

1962 ஜூலை 10-ந் தேதி "டெல்ஸ்டார்" என்ற செயற்கைக் கோளை அமெரிக்கா ஏவியது. அதன் வழியாக அமெரிக்காவில் இருந்து ஐரோப்பாவுக்கு டெலிவிஷன் படம் வந்தது. அதைப் பார்த்த மீக்குக்கு ஒரு மெட்டு தோன்றியது. எழுதத் தெரியாதே! நாடாவில் முனகிப் பதிவு செய்தார். "டொர்னேடோஸ்" என்ற குழுவினர் வாசித்தார்கள். ஆகஸ்டு மாதமே இசைத்தட்டு கடைக்கு வந்துவிட்டது. பாட்டு இல்லை, வெறும் வாத்தியம்தான்.

இங்கிலாந்தில் முதல் இடம். டிசம்பரில் அமெரிக்காவிலும் முதல் இடம்! அமெரிக்காவில் முதல் இடம் பிடித்த முதல் பிரிட்டிஷ் குழு அதுதான். பீட்டில்ஸ் அங்கே முதல் இடத்துக்கு வந்தது 1964-ல்தான்.

கைக்கு எட்டியது, வாய்க்கு எட்டவில்லை

பணம் கொட்டியிருக்க வேண்டும். ஆனால் பிரெஞ்சு இசை அமைப்பாளர் ஜான் லெத்ரு, "இது என் சினிமா இசை" என்று வழக்குப் போட்டார். ராயல்டி முடக்கப்பட்டது. இசைத்தட்டு லட்சக்கணக்கில் விற்றது. மெட்டமைத்தவருக்குக் காசு இல்லை!

வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. பாட்டுகளும் முன்போல் ஓடவில்லை. கடன் ஏறியது. மனமும் நோயுற்றது. தம் யோசனைகளை மற்றவர்கள் திருடுகிறார்கள், ஒட்டுக் கேட்கிறார்கள் என்று அஞ்சினார். இத்தகைய மனநோய்க்கு அன்றே நல்ல சிகிச்சை கிடைத்திருந்தால் இரண்டு உயிர்கள் தப்பியிருக்கலாம்.

1967 பிப்ரவரி 3-ந் தேதி வீட்டுக்காரி அம்மாளை மீக் சுட்டுக் கொன்றார். தாமும் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 37. கூரையை இடித்ததைத் தவிர அந்த அம்மாள் செய்த தவறு என்ன?

அவர் இறந்த பிறகுதான் தீர்ப்பு வந்தது. "டெல்ஸ்டார்" மெட்டு மீக்குக்கே சொந்தம்!

அவர் விட்டுச் சென்றவை, தேயிலைப் பெட்டிகள் நிறைய ஒலி நாடாக்கள். ஆயிரத்துக்கும் மேல். பல ஆண்டுகள் அவை வெளியிடப்படாமலே கிடந்தன. 2020-ல் லண்டன் இசைத்தட்டுக் கம்பெனி ஒன்று அவற்றை வாங்கி, ஒவ்வொன்றாகச் சுத்தம் செய்து கேட்கத் தொடங்கியது.