தலைவரைத் தேடும் சிறுவர்கள்

சாரணர் இயக்கம் பெரியவர்களாகப் பார்த்துச் சிறுவர்களுக்கு ஏற்படுத்திக் கொடுத்தது என்றே நம்மில் பலரும் எண்ணியிருக்கிறோம். அதன் ஆதி சரித்திரம் சற்று வேறு விதமானது. 1907 ஆகஸ்டு மாதத்தில் பேடன் பவல், இங்கிலாந்தின் தென்கரையை அடுத்த பிரௌன்ஸீ தீவில் சுமார் 20 சிறுவர்களுடன் ஒரு முகாம் நடத்தினார். மறு வருஷம் அவருடைய புத்தகம் சிறு சிறு பகுதிகளாக வெளிவந்தது. அவற்றை வாங்கிப் படித்த பையன்கள், யாருடைய உத்தரவையும் எதிர்பாராமல், தாங்களே அணி சேர்ந்துகொண்டார்கள். பிறகு தங்களை நடத்த ஒருவர் வேண்டுமென்று ஊரிலுள்ள பெரியவர்களைத் தேடிப் புறப்பட்டார்கள்.

அந்தத் தேட்டம் இன்றும் ஓய்ந்தபாடில்லை. பிரிட்டனில் இப்பொழுது 4 வயதுக் குழந்தை முதல் 18 வயது வாலிபர் வரையில் சாரணர் பிரிவுகள் உண்டு. அவை வாரத்துக்கு ஒரு மாலை அந்தந்த ஊர் மண்டபங்களில் கூடுகின்றன. நடத்துகிறவர்கள் சம்பளம் பெறாத அண்டை அயலார். 2020-ஆம் வருஷத்துக் கொள்ளை நோய்க்குப் பிறகு தொண்டர் பலர் திரும்பி வரவில்லை. சேர்வதற்குப் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் சிறுவர் தொகையோ பல பதினாயிரம் ஆயிற்று. மண்டபம் இருக்கிறது, கயிறும் கூடாரமும் இருக்கின்றன. கதவைத் திறக்கப் பெரியவர் இல்லை. நம் தேசத்தில் இந்தத் தொல்லை இவ்வளவு தெரிவதில்லை. இங்கே சாரணர் படை பெரும்பாலும் பள்ளிக்கூடத்தைச் சார்ந்தது; தலைமை ஆசிரியர் ஓர் உபாத்தியாயரை நியமித்துவிட்டால் காரியம் முடிந்தது. (அந்த உபாத்தியாயருக்கு அதில் இஷ்டமுண்டா என்பது வேறு விஷயம். அதைப் பற்றி நான் எழுதினால் பட்சபாதம் என்பீர்கள்.)

ஆகவே, கோடைக்காலத்து ஊர்த் திருவிழாக்களிலும் பெரிய கடைகளின் வாசலிலும் அங்கே சாரணர்கள் கடை விரிக்கிறார்கள். விற்பதற்கு ஒன்றுமில்லாத கடை! ஒரு மேஜை, சில படங்கள், முடிச்சுப் போடக் கயிறு, சில இடங்களில் சிறு தணல். குழந்தைகளை அழைக்கவே வேண்டியதில்லை. அவர்கள் ஓடி வந்துவிடுவார்கள். தாய் தகப்பன்மார்தான் இரண்டடி தள்ளி நின்று கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள். வந்த காரியம் அவர்களிடத்தில்தான் என்பதை மறந்து, மேஜைக்குப் பின்னால் நாற்காலியில் சாய்ந்து, தொண்டர்கள் தங்களுக்குள்ளேயே பேசிக்கொண்டிருந்தால் அன்றைய பொழுது வீண்தான். “தொண்டர் தேவை” என்று பலகை எழுதி மாட்டினாலும் பயன் சொற்பம். அதைப் படிக்கிற ஒவ்வொருவரும் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்றே நினைத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

பையன் முடிச்சுடன் போராடும் அந்த ஐந்து நிமிஷந்தான் தருணம். மேஜைக்கு முன்புறம் வந்து, அவன் தாயாரிடம் பேச வேண்டும். “பிள்ளைகளை நடத்த முடியுமா?” என்று கேட்டால் யாரும் பயந்து பின்வாங்குவார்கள். “மாதம் ஒரு மாலை வந்து வரவுசெலவுக் கணக்கு எழுதித் தருவீர்களா?” என்றால் யோசிப்பார்கள். கணக்கு எழுதுவதற்கும், படகு பழுது பார்ப்பதற்கும், தேநீர் போடுவதற்கும் ஆள் கிடைத்துவிட்டால், பிள்ளைகளுடன் பழகத் தெரிந்தவர் அந்தக் கவலைகளை விட்டுப் பிள்ளைகளிடம் போகலாம். அங்கே பல குழுக்கள் நான்கு வாரம் வந்து பார்க்கும்படி பெற்றோரை அழைப்பதும் இதே நோக்கத்தினால்தான். நான்கு வாரம் என்றால் முடிவு கண்ணுக்குத் தெரிகிறது.

ஆள் பஞ்சம் என்பதற்காக வந்தவரையெல்லாம் சேர்த்துக்கொள்வதற்கில்லை. பிள்ளைகளுக்குத் தீங்கு செய்ய எண்ணுகிறவனும் சிரித்த முகத்துடன்தான் வருவான். குற்றப் பதிவுகளைச் சோதித்து, தெரிந்தவர்களிடம் விசாரித்து, நேரில் பேசிப் பார்த்த பிறகே பொறுப்புத் தருவது அங்கே கட்டாயம். பிள்ளைகளுடன் ஒரு பெரியவர் தனித்திருக்கக் கூடாது என்பதும் விதி. இதைக் கடை வாசலிலேயே ஒளியாமல் சொல்லிவிடுவது உத்தமம். நல்லவர்கள் இதற்குக் கோபிப்பதில்லை. தம் குழந்தையையும் இப்படித்தான் காக்கிறார்கள் என்று ஆறுதலே கொள்வார்கள்.

இத்தனையும் செய்து பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதி வாங்கிய சீட்டு, சில ஊர்களில் மேஜைத் துணியோடு சுருட்டிப் பெட்டிக்குள் போய்விடுகிறது. மூன்று வாரம் கழித்துக் கூப்பிட்டால் அந்த அம்மாளுக்கு வேறு வேலை வந்திருக்கும். இரண்டு நாளைக்குள் கூப்பிட வேண்டும். சோதனைகள் முடியச் சில வாரம் ஆகலாம். அதற்குள், பழைய தொண்டர்கள் கூட இருக்கையில், ஒரு மாலை வந்து உட்கார்ந்து பார்க்கும்படி சொல்லலாம். அன்றைக்குத் தேநீரை வேறொருவர் போடட்டும்.