கப்பலூருக்கு எந்த டயர்?

ஸ்போர்ட்ஸ் கூபே எனப்படும் இரண்டு கதவுக் கார்கள் பெரும்பாலும் 18, 19 அங்குல வீல்களோடு வருகின்றன. வீல் பெரிதானால் டயரின் பக்கச்சுவர் குட்டையாகும். வளைவில் டயர் அதிகம் நெளியாது. ஸ்டியரிங்கைத் திருப்பியதும் வண்டி திரும்பிவிடும். பெரிய பிரேக் டிஸ்க் வைக்கவும் உள்ளே இடம் கிடைக்கும். பனி பொழியும் நாடுகளில் இத்தகைய கார் வைத்திருப்பவர்கள், குளிர்காலத்துக்கென ஓரிரு அங்குலம் சிறிய வீல்களில் பனிக்கால டயர்களைப் பூட்டித் தனி செட்டாக வைத்திருப்பார்கள். தமிழர்கள் கணிசமாக வாழும் மான்ட்ரியல் நகரம் அமைந்த கியூபெக் மாகாணத்தில், டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனிக்கால டயர் சட்டப்படி கட்டாயம்.

மதுரைக்குத் தெற்கே கப்பலூரைக் கடந்து செல்லும் தேசிய நெடுஞ்சாலை 44, கன்னியாகுமரியையும் ஸ்ரீநகரையும் இணைக்கிறது. வடகோடியில் பனிஹால் பகுதியில் ஜனவரியில் சாலையே பனியில் மூடும். அங்கே பனிக்கால டயரும் டயர்மேல் பூட்டும் சங்கிலியும் உயிர் காப்பவை. கப்பலூரில் நிலைமை வேறு. சிறிய வீல் என்ற பாதி யோசனை இங்கும் நல்லது. பனிக்கால டயர் என்ற மறுபாதி ஆபத்து.

வீலைச் சிறிதாக்கினாலும் டயரின் மொத்த உயரம் மாறக் கூடாது. 225/40 ஆர் 18 என்ற அளவில் 225 என்பது மில்லிமீட்டரில் அகலம்; 40 என்பது அந்த அகலத்தில் பக்கச்சுவரின் சதவீதம், அதாவது 90 மி.மீ.; 18 என்பது அங்குலத்தில் வீலின் விட்டம். மேலும் கீழும் சேர்த்தால் மொத்த உயரம் 637 மி.மீ. 225/45 ஆர் 17 போட்டால் 634, 205/55 ஆர் 16 போட்டால் 632. வித்தியாசம் ஒரு சதவீதத்துக்கும் குறைவு என்பதால் ஸ்பீடாமீட்டர் பெரிதாகப் பிசகாது. பக்கச்சுவர் மட்டும் 90 மி.மீட்டரிலிருந்து 113 ஆகிவிடும்.

இந்த 23 மில்லிமீட்டர்தான் நம் சாலைகளில் காசை மிச்சப்படுத்துவது. நான்குவழிச் சாலையில் குட்டைப் பக்கச்சுவரின் குறை தெரியாது. அதைவிட்டு இறங்கி ஊருக்குள் திரும்பி, ஒரு குழியின் விளிம்பில் மோதினால் டயர் அமுங்கி, விளிம்புக்கும் வீலுக்கும் நடுவில் நசுங்கும். உள்ளிருக்கும் நூலிழைகள் அறுந்து, பக்கவாட்டில் முட்டை போலப் புடைப்பு கிளம்பும். அந்த டயரை ஒட்டிச் சரிசெய்ய வழியில்லை, மாற்றியே ஆக வேண்டும். அலாய் வீலும் பெண்டாகும். சுவர் உயரமானால் அதே அடியைக் காற்றே வாங்கிக்கொள்ளும்.

வீல் சேருமா என்பதற்கு அங்குலம் மட்டும் போதாது. போல்ட் துளைகளின் எண்ணிக்கையும் வட்ட அளவும், நடுத்துளை, வீல் உள்ளும் வெளியும் தள்ளி நிற்கும் ஆஃப்செட் ஆகியவை பொருந்த வேண்டும். வேகக் கார்களின் பெரிய பிரேக் காலிப்பர் 16 அங்குல வீலில் இடிக்கக்கூடும். பூட்டிச் சுற்றிப் பார்க்காமல் வாங்கக் கூடாது. டயரில் அளவை அடுத்து 91வி என்பதுபோல இருக்கும் குறியில் 91 என்றால் ஒரு டயர் 615 கிலோ தாங்கும், வி என்றால் 240 கி.மீ. வேகம் வரை தாங்கும். தயாரிப்பாளர் சொன்ன எண்ணுக்குக் கீழே இறங்கக் கூடாது.

அடுத்தது ரப்பர். மதுரைக்கு அது புதிதல்ல. மேலூர் சாலையில் வெள்ளரிப்பட்டியில் இருசக்கர வாகன டயர்கள் பல்லாண்டுகளாகத் தயாராகின்றன. ரப்பர் குளிரக் குளிர விறைக்கும். 1986இல் சாலஞ்சர் விண்ணோடம் வெடித்ததற்குக் காரணம் குளிரில் விறைத்த ரப்பர் வளையம் என்பதை, இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெயின்மன் ஒரு தம்ளர் ஐஸ் தண்ணீரில் அதை நனைத்துக் காட்டினார். தார்ச்சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்கள் ஓடும் டயரை நொடிக்குப் பல்லாயிரம் முறை தட்டுகின்றன. அவ்வளவு வேகமான அதிர்வுக்கு ரப்பர் இன்னும் விறைப்பாகவே நடந்துகொள்ளும். ஏறக்குறைய 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே சாதாரண டயரின் பிடிமானம் குறைவதாக டயர் தொழிலில் கணக்கு வைத்திருப்பது இதனால்தான். பனிக்கால டயர் குளிரிலும் இளகியே இருக்கும் கலவையால் ஆனது. அதன் பட்டன்களில் பனியைக் கவ்வும் மெல்லிய கீறல்கள் நிறைய இருக்கும். மூன்று சிகர மலைக்குள் பனித்துகள் வரைந்த முத்திரையே அதன் அடையாளம். எம்+எஸ் என்ற எழுத்துகளை மட்டும் நம்பிப் பனிக்கால டயர் என்று எண்ணக் கூடாது.

மதுரையில் மார்கழி விடியலிலும் வெப்பம் 20 டிகிரியை ஒட்டியே நிற்கும். மே மாதம் 40ஐத் தொடும்போது தார் அதைவிட மிக அதிகமாகச் சூடேறும். அந்தச் சூட்டில் பனிக்கால டயரின் பட்டன்கள் குழைந்து நெளியும். பிரேக் பிடித்தால் வண்டி தள்ளிப்போய் நிற்கும். டயரும் சீக்கிரம் மொட்டையாகிவிடும். கொடைக்கானலின் சில குளிர்ந்த காலைகளுக்காகவும் இதை வாங்க வேண்டியதில்லை.

இங்கே கவனம் வேண்டியது மழையில்தான். ஐப்பசி மழையில் சாலையில் தேங்கும் நீரை டயரின் பள்ளங்கள் வெளியேற்றாவிட்டால் வண்டி நீரின்மேல் மிதந்து வழுக்கும். அகலம் குறைந்த டயருக்கு ஒதுக்க வேண்டிய நீரும் குறைவு. சிறிய வீலுக்கு இது இன்னொரு சாதகம். பள்ளத்தின் ஆழம் 1.6 மி.மீ. ஆகிவிட்டால் டயரை மாற்றியே தீர வேண்டும்.

கோடையில் காற்றைக் குறைத்து வைக்க வேண்டும் என்பது பலரின் நம்பிக்கை. அது தவறு. காற்று குறைந்த டயர் அதிகம் நெளிந்து, அந்த நெளிவிலேயே சூடேறி வெடிக்கும். கதவோர அட்டையில் உள்ள அளவுக்குக் காலையில் வண்டி ஓடுவதற்கு முன்பே காற்றுப் பார்க்க வேண்டும். ஓடிச் சூடான டயரில் அளவு கூடியிருந்தால் இறக்கிவிடக் கூடாது.