உங்களுக்குத் தெரியுமா? கரிசல் மண்ணும் அரசு வீடும்

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் மண் மழையில் ஊதும். சித்திரை வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும். மாண்ட்மோரிலோனைட் என்ற களிமண் கனிமம் நீரை உறிஞ்சிப் பருப்பதே காரணம். ஐப்பசி மழை இறங்கியதும் கதவு நிலையில் பிடித்துக்கொள்ளும். கோடையில் ஜன்னல் மூலையிலிருந்து சுவர் படிப்படியாக விரிசல் விடும். ஆழமில்லாத அஸ்திவாரம் இந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்காது.

தீர்வு நம் நாட்டிலேயே இருக்கிறது. ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையம் வளர்த்தெடுத்த பைல் முறையில், சுமார் 3.5 மீட்டர் ஆழத்துக்குத் துளையிட்டு, அடிப்பகுதியைத் துளையின் விட்டத்தைப் போல் 2.5 மடங்கு குமிழாக அகட்டி, கம்பி இறக்கிக் கான்கிரீட் போடுவார்கள். பருவத்துக்குப் பருவம் ஈரம் மாறாத அடிமண்ணில் வீடு ஊன்றி நிற்கும். செலவு கூடத்தான் செய்யும்.

பிரதமரின் ஊரக வீட்டு வசதித் திட்டத்தில் மானியம் சமவெளிக்கு ரூ.1.20 லட்சம், மலைப்பகுதிக்கு ரூ.1.30 லட்சம். கரிசல் பூமி சமவெளிக் கணக்கில்தான் வருகிறது. தமிழக அரசின் கலைஞர் கனவு இல்லத் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு ரூ.3.50 லட்சம், நல்ல முன்னேற்றம். மலைக்குக் கூடுதல் தொகை நியாயம் என்றால், கரிசலுக்கும் அது நியாயமே. வீடு ஒதுக்கப்பட்டவர்கள் கூரையைப் பற்றிப் பேசும் முன், ஒன்றியப் பொறியாளரிடம் அஸ்திவாரத்தைப் பற்றிக் கேளுங்கள்.