லினக்ஸ் கணினியில் இணைய அழைப்பு ஒலிவாங்கிச் சிக்கல்கள்

லினக்ஸ் இயங்குதளத்தில் ஸ்கைப், ஜூம், ஜிட்சி மீட் போன்ற இணைய அழைப்பு மென்பொருள்களைப் பயன்படுத்தும்போது, எதிர்முனையில் பேசுபவரின் குரல் தெளிவாகக் கேட்டாலும் பயனரின் குரல் அங்கே போய்ச் சேராமல் இருப்பது நெடுங்காலமாக அறியப்பட்ட ஒரு சிக்கலாகும். இணையவழி வகுப்பின் நடுவிலோ வேலை நேர்காணலின் தொடக்கத்திலோ இது நேரும்போது, ஒலிவாங்கி கெட்டுவிட்டது என்று முடிவுகட்டிப் புதிய ஹெட்செட் வாங்குவோரும், இயங்குதளத்தையே மறுபடி நிறுவுவோரும் உண்டு. பெரும்பாலான நேரங்களில் இரண்டுமே தேவையற்றவை. குரல் ஒலிவாங்கியிலிருந்து அழைப்பு மென்பொருளை அடைவதற்குள் பல அடுக்குகளைக் கடக்கிறது. அவற்றுள் ஏதோ ஒன்றில் நின்றுவிடுகிறது. எந்த அடுக்கில் நின்றது என்பதைக் கீழிருந்து மேலாகச் சோதித்துக் கண்டறிவதே சிக்கலைத் தீர்க்கும் வழியாகும்.

ஒலி கடந்து வரும் அடுக்குகள்

அடிமட்டத்தில் இருப்பது வன்பொருள்: ஒலிவாங்கி, அதன் இணைப்பு, ஒலி அட்டை. அதற்கு மேல் லினக்ஸ் கெர்னலின் பகுதியான அல்சா எனப்படும் ஒலிக் கட்டமைப்பு உள்ளது. யாரோசுலாவ் கைசெலா 1998இல் தொடங்கிய இத்திட்டம், 2003 இறுதியில் வெளியான கெர்னல் 2.6 முதல் லினக்ஸின் முதன்மை ஒலி இயக்கித் தொகுப்பாக இருந்துவருகிறது. மூன்றாவது அடுக்கு ஒலி வழங்கி. பல மென்பொருள்கள் ஒரே நேரத்தில் ஒரே ஒலி அட்டையைப் பகிர்ந்துகொள்ள உதவும் இடையாள் இது. லென்னார்ட் போட்டரிங் உருவாக்கிய பல்ஸ்ஆடியோ, 2007இல் ஃபெடோரா 8இலும் 2008இல் உபுண்டு 8.04இலும் இயல்பான ஒலி வழங்கியாக இடம்பெற்றது. பின்னர் விம் டேமன்ஸ் உருவாக்கிய பைப்வயர் அந்த இடத்தைப் பிடித்தது; ஃபெடோரா 34 (2021), உபுண்டு 22.10 (2022) ஆகியவற்றில் அதுவே இயல்பாக வருகிறது. கடைசி அடுக்கே அழைப்பு மென்பொருள்.

இந்த அடுக்குகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு கட்டுப்பட்டவை என்பதற்கு ஸ்கைப் நல்ல எடுத்துக்காட்டு. 2014 ஜூன் மாதம் வெளியான லினக்ஸுக்கான ஸ்கைப் 4.3, அல்சாவுடன் நேரடியாகப் பேசுவதைக் கைவிட்டு, பல்ஸ்ஆடியோ இருந்தாக வேண்டும் என்ற நிலையை ஏற்படுத்தியது. முந்தைய நாள் வரை ஒழுங்காக வேலை செய்த ஒலிவாங்கி, மென்பொருளைப் புதுப்பித்த மறுகணமே மௌனமானது. பல்ஸ்ஆடியோவை விரும்பாதவர்களுக்காக, அது இருப்பதுபோல மென்பொருளை நம்பவைக்கும் ஏபல்ஸ் என்ற சிறு நிரலும் எழுதப்பட்டது. 2025 மே 5 அன்று ஸ்கைப் சேவை நிறுத்தப்பட்டுவிட்டாலும் இந்த அமைப்பு மாறவில்லை. இன்றைய அழைப்பு மென்பொருள்களின் குரலும் அதே படிகளின் வழியாகவே ஏறிவருகிறது.

கீழ் அடுக்கைச் சோதித்தல்

கருவியைக் கழற்றுமுன் விசைப்பலகையைப் பார்ப்பது நல்லது. பல மடிக்கணினிகளில் ஒலிவாங்கியை அணைப்பதற்கென்றே தனி விசையோ பக்கவாட்டுப் பொத்தானோ உண்டு. கை தவறிப் பட்டாலே போதும். அடுத்தது செருகும் துளை. இப்போதைய மடிக்கணினிகளில் ஹெட்ஃபோனுக்கும் ஒலிவாங்கிக்கும் சேர்த்து ஒரே துளை இருப்பதால், அதற்கு நான்கு தொடுவளையங்கள் கொண்ட செருகி தேவை. பழைய வகை ஹெட்செட்டின் இரண்டு தனிச் செருகிகளுள் ஒன்றை மட்டும் அதில் நுழைத்தால் பேச்சு போகாது. இதற்கான பிரிப்பான் கம்பி மலிவாகவே கிடைக்கிறது.

பிறகு முனையத்தைத் திறந்து ஏரெக்கார்ட் என்ற கட்டளையால் ஒலிப்பதிவுக் கருவிகளின் பட்டியலைப் பார்க்கலாம். பட்டியலில் ஒலிவாங்கியே இல்லையெனில் சிக்கல் வன்பொருளிலோ இயக்கியிலோ இருக்கிறது. அழைப்பு மென்பொருளின் அமைப்புகளை எவ்வளவு மாற்றினாலும் பயனில்லை. இன்டெல் செயலி கொண்ட புதிய மடிக்கணினிகள் பலவற்றில், உள்ளமைந்த எண்மிய ஒலிவாங்கி ஒரு தனிச் சமிக்ஞைச் செயலியின் வழியாக இயங்குகிறது. அதற்குரிய சோஃப் என்னும் நிலைபொருள் தொகுப்பு நிறுவப்படாதபோது ஒலிவாங்கி தென்படுவதே இல்லை. தொகுப்பை நிறுவிக் கணினியை மறுதொடக்கம் செய்ய வேண்டும்.

பட்டியலில் ஒலிவாங்கி இருந்தால், அதே கட்டளையால் ஐந்து விநாடி பேசிப் பதிவு செய்து, ஏபிளே கட்டளையால் கேட்டுப் பார்க்கலாம். ஒன்றும் கேட்கவில்லையெனில் அல்சாமிக்சர் கைகொடுக்கும். இது முனையத்திலேயே இயங்கும் ஒலியளவுப் பலகை. எஃப்6 விசையால் சரியான ஒலி அட்டையைத் தேர்ந்து, எஃப்4 விசையால் பதிவுப் பகுதிக்குச் செல்ல வேண்டும். பலர் தவறவிடுவது இந்த இரண்டாம் படியைத்தான்; பலகை திறந்ததும் தெரிவது ஒலிபெருக்கிப் பகுதி மட்டுமே. பதிவுப் பகுதியில் இடைவெளி விசை ஒரு தடத்தின் பதிவைத் தொடங்கவும் நிறுத்தவும் செய்யும். ஒலிவாங்கியின் ஒலியைக் கூடுதலாக உயர்த்தும் பூஸ்ட் என்ற தடமும் அங்கே இருக்கும். அதை முழுமையாக ஏற்றினால் குரலோடு இரைச்சலும் மின்விசிறிச் சத்தமும் சேர்ந்தே போகும் என்பதால் ஒரு படி, இரு படி என்று உயர்த்துவதே நல்லது.

பதிவில் கேட்கும், அழைப்பில் கேட்காது

இந்தச் சிக்கல்களுள் மிகவும் குழப்பமானது ஒன்றுண்டு. சோதனைப் பதிவில் குரல் நன்றாகக் கேட்கும். அழைப்பில் மட்டும் முழு மௌனம். சில மடிக்கணினிகளின் உள்ளமைந்த ஒலிவாங்கி, ஒரே குரலை இடம், வலம் என இரண்டு தடங்களாக அனுப்பும்போது ஒன்றை மற்றொன்றின் தலைகீழ் அலையாக அனுப்புகிறது. ஒரு தடத்தில் அலை மேலேறும் அதே கணத்தில் மற்றதில் அதே அளவு கீழிறங்கும். இரு தடங்களையும் தனித்தனியே கேட்கும்போது காதுக்கு வேறுபாடு பெரிதாகத் தெரியாது. ஆனால் அழைப்பு மென்பொருள்கள் பொதுவாக ஒற்றைத் தட ஒலியையே அனுப்புகின்றன. இரண்டும் கூட்டப்படும்போது மேடும் பள்ளமும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு பூச்சியமாகிவிடுகின்றன. ஒலிவாங்கியும் நலம், இயக்கியும் நலம், மென்பொருளும் நலம். குரல் மட்டும் இல்லை.

இதற்கான தீர்வோ மிக எளியது. பாவுகண்ட்ரோல் என்ற ஒலியளவுக் கட்டுப்பாட்டு மென்பொருளில் உள்ளீட்டுக் கருவிகள் பகுதியைத் திறந்தால், இரு தடங்களையும் ஒன்றாகப் பிணைத்திருக்கும் பூட்டுக் குறி தெரியும். அதை விடுவித்து, ஒரு தடத்தின் அளவைப் பூச்சியத்துக்கு இறக்கிவிட்டால் அழிப்பதற்கு எதிர் அலை இராது. மற்றத் தடத்தின் குரல் போய்ச் சேரும். இக்குறை அறியப்பட்ட மடிக்கணினி மாதிரிகள் பலவற்றுக்குக் கெர்னல் இயக்கியிலேயே பின்னர் திருத்தம் சேர்க்கப்பட்டது. ஆகவே பழைய லினக்ஸ் பதிப்பை வைத்திருப்போர் கெர்னலைப் புதுப்பிப்பதும் பலன் தரலாம்.

ஒலி வழங்கியின் தேர்வுகள்

பைப்வயர் இயங்கும் கணினிகளிலும் பாவுகண்ட்ரோல் வேலை செய்யும். அழைப்பு நடந்துகொண்டிருக்கும்போதே அதைத் திறப்பது முக்கியம். பதிவுப் பகுதியில் அந்நேரம் ஒலி பெறும் மென்பொருள்கள் மட்டுமே காட்டப்படும். அழைப்பு மென்பொருளின் பெயருக்கு எதிரே எந்தக் கருவி தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளது என்பதை அங்கே பார்க்கலாம், உடனடியாக மாற்றவும் செய்யலாம். வெப்கேமரா செருகப்பட்ட கணினிகளில் கேமராவின் ஒலிவாங்கி தேர்வாகியிருப்பது வழக்கமான காட்சி. மானிட்டர் என்ற சொல்லோடு ஒரு உள்ளீடு தேர்வாகியிருந்தால், அது ஒலிவாங்கியே அன்று. கணினி வெளியிடும் ஒலியைத் திருப்பிப் பதிவு செய்யும் தடம். அப்போது எதிர்முனையில் இருப்பவர் தம் குரலையே எதிரொலியாகக் கேட்டுக்கொண்டிருப்பார்.

புளூடூத் ஹெட்செட்டுகளுக்குத் தனிக் கணக்கு. பாட்டுக் கேட்க உதவும் ஏ2டிபி முறையில் ஒலி கணினியிலிருந்து ஹெட்செட்டுக்கு மட்டுமே செல்லும், ஒலிவாங்கி செயல்படாது. பேசுவதற்கு ஹெட்செட் முறைக்கு மாற்ற வேண்டும். பாவுகண்ட்ரோலின் அமைப்புப் பகுதியில் இத்தேர்வு உள்ளது. மாற்றியவுடன் எதிர்முனைக் குரலின் தரம் தொலைபேசி அளவுக்குக் குறைவதைக் கண்டு அதைப் பழுதென்று நினைக்க வேண்டியதில்லை. அம்முறையில் ஒலி மாதிரி வீதம் 8 அல்லது 16 கிலோஹெர்ட்ஸ்தான்.

மேல் அடுக்கு

உலாவி வழியாகப் பேசும்போது முகவரிப் பட்டையில் ஒலிவாங்கி அனுமதி மறுக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒருமுறை மறுத்தால் உலாவி அதை நினைவில் வைத்துக்கொண்டு மறுபடி கேட்காமலே இருந்துவிடக்கூடும். ஸ்னாப் வடிவில் நிறுவப்பட்ட மென்பொருள்களில் ஒலிப்பதிவு அனுமதி தனியாக வழங்கப்பட வேண்டியிருக்கலாம். உபுண்டுவின் பழைய மென்பொருள் மையத்தில் அந்த மென்பொருளின் அனுமதிகள் பக்கத்தில் இதற்கான பொத்தான் இருந்தது. நிர்வாகி உரிமையோடு அழைப்பு மென்பொருளைத் திறந்து பார்ப்பது இதற்கு மருந்தாகாது. ஒலி வழங்கி பயனரின் அமர்வுக்குள் இயங்குவதால், நிர்வாகியாகத் திறந்த மென்பொருளுக்கு அது எட்டாமல் போய்ச் சிக்கல் இரட்டிப்பாகும்.

குரல் முதலில் கேட்டு, சில நிமிடங்களில் தேய்ந்துகொண்டே போனால் தானியங்கு ஒலியளவுச் சீரமைப்பைச் சந்தேகிக்கலாம். பேசுபவர் சத்தமாகச் சிரித்தாலோ மேசையைத் தட்டினாலோ மென்பொருள் ஒலியளவைக் கீழிறக்கி, பின்னர் உயர்த்தாமலே விட்டுவிடுவதுண்டு. அழைப்பின்போது பாவுகண்ட்ரோலில் ஒலிவாங்கியின் அளவுகோல் தானாக நகர்ந்தால் இதுவே காரணம். மென்பொருளின் ஒலி அமைப்புகளில் அந்தத் தேர்வை நீக்கி, அளவைக் கையால் அமைத்துவிட்டால் அது அங்கேயே நிற்கும்.