செலினியம்: மண்ணின் அளவும் மக்களின் நலமும்

உணவுக் கொள்கையைப் பற்றிச் சிந்திக்கும்போது தானியமும் பருப்பும் முதலில் நினைவுக்கு வருகின்றன. இரும்புச் சத்து, அயோடின் ஆகியவற்றின் பற்றாக்குறையைப் போக்குவதும் அரசுத் திட்டங்களில் இடம் பெற்றுவிட்டது. அயோடினைக் காட்டிலும் குறைந்த அளவே தேவைப்படும் தனிமம் செலினியம். அமெரிக்காவில் வயது வந்தோருக்குப் பரிந்துரைக்கப்படும் அளவு நாளொன்றுக்கு 55 மைக்ரோகிராம் மட்டுமே. அங்கு வகுக்கப்பட்டுள்ள உச்சவரம்பு 400 மைக்ரோகிராம். ஊட்டத்துக்கும் நஞ்சுக்கும் இடையே இத்தனை குறுகிய இடைவெளி உள்ள சத்துப்பொருள்கள் சிலவே.

நஞ்சிலிருந்து ஊட்டத்துக்கு

ஸ்வீடன் நாட்டு வேதியியல் அறிஞர் பெர்சீலியஸ் 1817-ஆம் ஆண்டில் இத்தனிமத்தைக் கண்டறிந்து, நிலவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லால் பெயரிட்டார். உயிரியலில் இது முதலில் நஞ்சாகவே அறிமுகமாயிற்று. அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் கால்நடைகளின் உரோமம் உதிர்ந்து குளம்புகள் பிளவுபட்டதற்குத் தீவனத்தில் மிகுந்திருந்த செலினியமே காரணம் என்பது 1930-களில் தெளிவாயிற்று. இக்கருத்து 1957-ஆம் ஆண்டில் மாறியது. எலிகளின் கல்லீரல் அழிவைச் சிறிதளவு செலினியம் தடுக்கிறது என்று கிளாஸ் ஷ்வார்ஸும் அவருடைய சக ஆய்வாளர் ஃபோல்ட்ஸும் அவ்வாண்டு காட்டினர்.

உயிரணுவில் அதன் பணி

செலினியம் உடலில் புரதங்களின் உறுப்பாக நின்று பணியாற்றுகிறது. புரதங்கள் பொதுவாக 20 வகை அமினோ அமிலங்களால் ஆனவை. அவற்றுள் ஒன்றான சிஸ்டீனில் கந்தகம் இருக்கும் இடத்தில் செலினியம் அமைந்தால் அது செலினோசிஸ்டீன் ஆகும். இதனை 21-ஆவது அமினோ அமிலம் என்பர். 'புரதத் தொடரை இத்துடன் நிறுத்துக' என்று வழக்கமாகப் பொருள்படும் மரபுக் குறியீட்டையே, தனி ஏற்பாடு ஒன்றின் துணையால், 'இங்கே செலினோசிஸ்டீனைச் சேர்க்க' என்று உயிரணு பொருள்கொள்கிறது.

மனிதனில் இத்தகைய செலினோபுரதங்களுக்கான மரபணுக்கள் 25 உள்ளன. குளூட்டாதியோன் பெராக்சிடேஸ் எனும் நொதி செலினியத்தைக் கொண்டது என்பது 1973-ஆம் ஆண்டில் அறியப்பட்டது. உயிரணுவைச் சிதைக்கும் பெராக்சைடுகளை இது செயலிழக்கச் செய்கிறது. தைராய்டு சுரப்பி வெளியிடும் தைராக்ஸினை வீரியமுள்ள வடிவத்துக்கு மாற்றும் நொதிகளும் செலினோபுரதங்களே. ஆகவே அயோடின் போதிய அளவில் கிடைத்தாலும், அதன் முழுப் பயனுக்குச் செலினியத்தின் துணை தேவைப்படுகிறது.

பயிர் காட்டாத குறை

நெல், கோதுமை போன்ற உயர்வகைத் தாவரங்கள் செலினோபுரதங்களைத் தயாரிப்பதில்லை. வேதியியலில் கந்தகத்தை ஒத்திருப்பதால், மண்ணிலுள்ள செலினியத்தை அவை கந்தகத்துடன் சேர்த்து உறிஞ்சுகின்றன. மண்ணில் அது குறைவாக இருந்தாலும் மகசூல் குறைவதில்லை. உழவருக்கு இழப்பு இல்லை. சந்தையிலும் தானியத்தின் விலை மாறுவதில்லை. குறையின் விளைவை உண்பவரே அனுபவிக்கின்றனர். துத்தநாகக் குறையை வயல் காட்டிவிடும். செலினியக் குறையைப் பொது அமைப்பு தேடிச் சென்றுதான் அறிய வேண்டும்.

இரு நாடுகளின் அனுபவம்

சீனாவின் வடகிழக்கிலுள்ள கெஷான் மாவட்டத்தில் 1935-ஆம் ஆண்டில் கண்டறியப்பட்ட இதயத் தசை நோய், அந்நாட்டின் தென்மேற்கு வரை நீண்ட நிலப்பகுதியில் குழந்தைகளையும் பெண்களையும் பெரிதும் தாக்கியது. அப்பகுதி மண்ணில் செலினியம் மிகக் குறைவு. 1974-ஆம் ஆண்டில் சிச்சுவான் மாநிலத்தில் சோடியம் செலினைட் மாத்திரை பெற்ற 4,510 குழந்தைகளில் 10 பேரையே இந்நோய் தாக்கியது. மாத்திரை பெறாத 3,985 குழந்தைகளில் 54 பேர் நோயுற்றனர். வைரஸ் ஒன்றுக்கும் இந்நோயில் பங்கு உண்டு என்று பிற்கால ஆய்வுகள் சுட்டின.

பின்லாந்து வேறு வழியை மேற்கொண்டது. அந்நாட்டு மண்ணிலும் பயிர்களுக்குக் கிட்டும் செலினியம் குறைவு. இதனால் உரத்தில் சோடியம் செலினேட்டைச் சேர்க்க 1984-ஆம் ஆண்டில் முடிவு செய்யப்பட்டது. தானியப் பயிர்களுக்கான உரத்தில் கிலோவுக்கு 16 மில்லிகிராம் என்று தொடங்கிய அளவு 1990-ஆம் ஆண்டில் 6 மில்லிகிராமாகக் குறைக்கப்பட்டு, 1998-ஆம் ஆண்டில் 10 மில்லிகிராமாக உயர்த்தப்பட்டது. உணவு, தீவனம், மக்களின் இரத்தம் ஆகியவற்றைத் தொடர்ந்து சோதித்ததாலேயே இவ்வாறு திருத்திக்கொள்ள முடிந்தது.

பஞ்சாபின் மறுபக்கம்

இந்தியாவில் நன்கு ஆராயப்பட்டிருப்பது மிகையின் பிரச்சினை. பஞ்சாபின் நவான்ஷஹர், ஹோஷியார்பூர் மாவட்டங்களில் சில கிராமங்களின் தாழ்நிலங்களில், சிவாலிக் குன்றுகளிலிருந்து வெள்ளம் கொண்டுவந்த வண்டலோடு செலினியம் படிந்துள்ளது. கால்நடைகளின் குளம்பும் கொம்பும் சிதைந்தன. மக்களிடையே முடி உதிர்வும் நகச் சிதைவும் காணப்பட்டன. லூதியானாவிலுள்ள பஞ்சாப் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் அறிஞர்கள் இந்நிலங்களை விரிவாக ஆராய்ந்தனர். வயலில் ஜிப்சம் இட்டால், அதிலுள்ள கந்தகம் செலினியத்துடன் போட்டியிட்டுப் பயிர் அதனை உறிஞ்சுவதைக் குறைக்கிறது என்பது அவர்கள் கண்ட பயனுள்ள வழிகளுள் ஒன்று.

திட்டமிடுவோர் கவனத்துக்கு

பின்லாந்தின் உரம் நவான்ஷஹரின் வயலுக்குக் கேடாகும். நவான்ஷஹரின் ஜிப்சம் செலினியம் குறைந்த நிலத்தில் பற்றாக்குறையை மிகுவிக்கக்கூடும். ஆகவே உப்பில் அயோடின் சேர்ப்பதைப் போன்ற நாடு தழுவிய ஒரே ஏற்பாடு செலினியத்துக்குப் பொருந்தாது. முதலில் வேண்டுவது மண்ணைப் பற்றிய அறிவு. 2015-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட மண் வள அட்டைத் திட்டம் 12 அளவுகளைக் குறிக்கும் வகையில் வகுக்கப்பட்டது. அவற்றுள் செலினியம் இல்லை.

எல்லா வயல்களிலும் இச்சோதனையை நடத்துவது பெருஞ்செலவு. ஐயத்துக்குரிய வட்டாரங்களைத் தேர்ந்து, மண், பாசன நீர், தானியம் ஆகியவற்றை மாதிரி முறையில் சோதித்தால் தொடக்கத்துக்குப் போதும். குளம்பு வெடித்த எருமையைக் காணும் கால்நடை மருத்துவரின் குறிப்பு, வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனைக் கூடத்துக்கும் மாவட்டச் சுகாதார அலுவலருக்கும் சென்று சேர வேண்டும். துறைகளுக்கிடையே இந்த எளிய தொடர்பு அமைந்தால், மனிதரிடம் நோய் தோன்றும் முன்பே மண்ணின் நிலை தெரியவரும்.