ஆயில் எஞ்சினில் வால்வுக் கசிவு: கண்டறிதலும் சீர்செய்தலும்

கமலையும் ஏற்றமும் நீர் இறைத்த கிணறுகளில் இன்று பம்பு செட்டுகள் இறைக்கின்றன. தமிழ்நாட்டில் விவசாய மின் இணைப்புகளுக்குக் கட்டணம் இல்லை. எனினும், இணைப்புக்குக் காத்திருப்போரும், மின்கம்பி எட்டாத நிலங்களை உடையோரும் டீசல் எஞ்சினையே நம்பியிருக்கின்றனர். பயிர் கதிர்விடும் தருணத்தில் எஞ்சின் கிளம்ப மறுத்தால், ஒரு வார காலத் தாமதம் ஒரு போகத்தின் பலனையே குறைத்துவிடும்.

எஞ்சின் கிளம்பாவிட்டால், "சிலிண்டர் தேய்ந்துவிட்டது, பிஸ்டன் மாற்ற வேண்டும்" என்று முடிவு கட்டிக் கடன் வாங்க முற்படுவோர் உண்டு. பல வேளைகளில் குற்றம் வால்வில் மட்டுமே இருக்கும். இதனைக் கண்டறியவும், பெரும்பாலும் சீர்செய்யவும், விவசாயியின் சொந்தக் கைகளே போதும்.

வால்வின் வேலை

டீசல் எஞ்சினில் தீப்பொறி தரும் பிளக் கிடையாது. சிலிண்டருள் புகுந்த காற்றைப் பிஸ்டன் ஏறத்தாழ பதினேழில் ஒரு பங்காக அழுத்துகிறது. அழுந்திய காற்று 500 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் சூடேறுகிறது. அதில் டீசல் தூவப்பட்டதும் தானாகவே பற்றிக்கொள்கிறது. ஜெர்மானியப் பொறியாளர் ருடால்ப் டீசல் 1897 ஆம் ஆண்டில் வெற்றிகரமாக இயக்கிக் காட்டிய எஞ்சினின் அடிப்படை இதுவே.

காற்று அழுத்தப்படும்போது இரு வால்வுகளும் தத்தம் இருக்கையில் இறுகப் பொருந்தியிருத்தல் வேண்டும். நிமிடத்திற்கு 650 சுற்றுச் சுற்றும் எஞ்சினில் ஒவ்வொரு வால்வும் ஒரு மணி நேரத்தில் 19,500 முறை திறந்து மூடுகிறது. இடையில் கரி படிந்தாலும், விளிம்பு அரித்தாலும் காற்று கசியும். கசிந்தால் சூடு ஏறாது. சூடு ஏறாவிடில் டீசல் பற்றாது.

அறிகுறிகள்

காலையில் எளிதில் கிளம்பாமை, கிளம்பும்போது வெண்புகை, பழைய அளவு தண்ணீர் தள்ளாமை, டீசல் செலவு கூடுதல் ஆகியவை அறிகுறிகள். ஆயின் காற்று வடிகட்டி அடைத்திருந்தாலும், டீசலில் நீர் கலந்திருந்தாலும், டீசல் குழாயில் காற்று புகுந்திருந்தாலும் இவற்றுள் சில தோன்றும். ஆதலின் அவற்றை முதலில் சரிபார்த்துவிட வேண்டும்.

எங்கே கசிகிறது?

டீசல் வரத்தை நிறுத்துங்கள். ஹேண்டிலைக் கழற்றி அப்பால் வையுங்கள். அழுத்தம் தளர்த்தும் லீவர் முழுவதும் விடுபட்டிருக்கிறதா என்று பாருங்கள். பின்பு பிளைவீலின் விளிம்பைப் பிடித்து, சுழலும் திசையில் மெதுவாகத் திருப்புங்கள். நல்ல எஞ்சினில் பிஸ்டன் மேலேறும்போது சக்கரம் எதிர்த்து நின்று, விட்டால் பின்னோக்கித் துள்ளும். எதிர்ப்பின்றி எளிதில் கடந்துவிட்டால் கசிவு உண்டு.

இப்பொழுது காதைத் தீட்டிக் கேட்க வேண்டும். "உஸ்" என்ற ஓசை காற்று வடிகட்டியின் பக்கம் கேட்டால் உள்வாங்கும் வால்வும், புகைக்குழாயில் கேட்டால் புகைபோக்கும் வால்வும் கசிகின்றன. எண்ணெய் ஊற்றும் வாயில் கேட்டால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்துள்ளன. ஹெட்டின் பொருத்தில் எண்ணெய் தடவி, குமிழி வந்தால் கேஸ்கட் பழுது.

முதலில் டாப்பெட் இடைவெளி

ஹெட்டைக் கழற்றும் முன் இதனைப் பார்த்தல் அவசியம். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, காற்றழுத்த வீச்சில் பிஸ்டன் உச்சியில் நிற்க, ராக்கருக்கும் வால்வுத் தண்டுக்கும் இடையே ஃபீலர் கேஜைச் செலுத்துங்கள். இடைவெளியே இல்லையெனில் வால்வு முழுவதும் மூடாது. அதுவே கசிவுக்குக் காரணமாகலாம். எஞ்சினுடன் வந்த கைந்நூலில் குறித்துள்ள அளவுக்குத் திருகைத் திருப்பினால் போதும். உள்வாங்கும் வால்வுக்கும் புகைபோக்கும் வால்வுக்கும் அளவு வேறுபடக்கூடும். இதனோடு குற்றம் தீர்ந்தால் செலவு ஏதுமில்லை.

வால்வைத் தேய்த்துப் பொருத்துதல்

தீரவில்லையெனில் தண்ணீரை வடித்து, குழாய்களையும் இன்ஜெக்டரையும் ராக்கரையும் கழற்றி, ஹெட்டின் நட்டுகளைக் குறுக்கு மறுக்காகச் சிறிது சிறிதாகத் தளர்த்துங்கள். ஹெட் கனமானது; இருவர் சேர்ந்து தூக்குவது நலம். அதனைச் சாய்த்து, காற்று புகும் துவாரத்தில் சிறிது மண்ணெண்ணெயோ டீசலோ ஊற்றிச் சில நிமிடங்கள் காத்திருங்கள். வால்வின் விளிம்பில் கசிந்தால் ஐயம் தெளிந்தது. புகை செல்லும் துவாரத்திலும் இவ்வாறே சோதியுங்கள்.

ஸ்பிரிங்கை அமுக்கும் கருவியால் அமுக்கிப் பூட்டுத் துண்டுகளை எடுங்கள். ஸ்பிரிங் தெறித்தால் கண்ணுக்கு ஆபத்து, முகத்தை விலக்கிக்கொள்ளுங்கள். எந்த வால்வு எந்த இருக்கைக்குரியது என்று அடையாளம் இடுங்கள், மாற்றிப் போடலாகாது. கரியைச் சுரண்டிக் கழுவுங்கள்.

வால்வின் சாய்ந்த முகத்தில் மட்டும் கிரைண்டிங் பேஸ்டை மெல்லியதாகத் தடவுங்கள், தண்டில் படக்கூடாது. ரப்பர் கிண்ணம் பொருத்திய கைப்பிடியால் வால்வைப் பிடித்து, தயிர் கடைவதுபோல் இருபுறமும் கால் சுற்று அளவில் திருப்புங்கள். அவ்வப்போது தூக்கி, சிறிது திருப்பி வைத்துத் தொடருங்கள். முதலில் கரடான பேஸ்ட், பின்பு நயமான பேஸ்ட். வால்விலும் இருக்கையிலும் இடைவெட்டின்றி ஒரே சீரான மங்கிய சாம்பல் நிற வளையம் தோன்றியதும் நிறுத்திவிடுங்கள். அளவுக்கு மீறித் தேய்த்தால் வால்வு இருக்கையுள் இறங்கி அழுத்தம் குறையும்.

பின்பு ஒரு துளி பேஸ்டும் எஞ்சாதவாறு கழுவுங்கள். எஞ்சியது சிலிண்டருள் சென்றால் அதனையும் அராவிவிடும். வால்வுகளைப் பூட்டி மீண்டும் எண்ணெய் ஊற்றிச் சோதித்து, கசிவு இல்லையெனில் புதிய கேஸ்கட் இட்டு ஹெட்டை ஏற்றுங்கள். நட்டுகளைக் குறுக்கு மறுக்காக மூன்று தவணையில் இறுக்கி, டாப்பெட் இடைவெளியைச் சரிசெய்யுங்கள். ஒரு மணி நேரம் ஓட்டிக் குளிரவிட்டபின் நட்டுகளையும் இடைவெளியையும் மறுமுறை பார்த்தல் வேண்டும்.

பட்டறைக்கு உரியவை

விளிம்பு கருகிய வால்வு, வளைந்த தண்டு, ஆழமாகக் குழிவிழுந்த இருக்கை, தேய்ந்து ஆடும் வழிகாட்டிக் குழல் ஆகியவை தேய்ப்பதால் தீரா. இவற்றைக் கடைசல் பட்டறைக்கு அனுப்புங்கள். டீசல் பம்பை வீட்டில் பிரிக்கலாகாது. இன்ஜெக்டர் தூவலில் கையை நீட்டவும் கூடாது. அது தோலைத் துளைத்து உட்புகும் வேகமுடையது. மண்ணெண்ணெய் அருகில் பீடியும் விளக்கும் வேண்டாம்.

ஊராட்சி செய்யக்கூடியது

ஸ்பிரிங் அமுக்கி, ஃபீலர் கேஜ், தேய்க்கும் கைப்பிடி, இருவகைப் பேஸ்ட் ஆகியவை ஆண்டில் ஓரிரு முறையே ஒருவருக்குத் தேவைப்படும். எஞ்சின் உடையோர் சேர்ந்து ஒரு பொதுக் கருவிப் பெட்டி வாங்கி, பொறுப்புள்ள ஒருவரிடம் வைத்துப் பதிவேட்டின்படி வழங்கலாம். ஊராட்சி உறுப்பினர்கள் இதற்கு முன்னின்று உதவலாம். தொழிற்பயிற்சி நிலையத்தில் பயின்ற உள்ளூர் இளைஞர் ஒருவரைக் கொண்டு கோடைக்கு முன் ஒரு நாள் செயல்விளக்கம் நடத்தினால் ஊரே கற்றுக்கொள்ளும்.

வடிகட்டியைத் தூய்மையாக வைத்தலும், குளிர்விக்கும் நீர் தடையின்றி ஓடச் செய்தலும், டாப்பெட்டைத் தவறாது பார்த்தலும் வால்வின் ஆயுளை நீட்டிக்கும். மாட்டின் பல்லைப் பார்த்து வயதறியும் நம் விவசாயிகளுக்கு, எஞ்சினின் மூச்சைக் கேட்டு நோயறிவது அரிதன்று. தண்ணீர் தேவைப்படும் நாளுக்கு முன்பே சோதித்துவிடுங்கள்; பயிர் காத்திராது.