பெயர் மாறிய மருத்துவமனை

சென்னைத் திருவல்லிக்கேணியில், சேப்பாக்கம் விளையாட்டரங்கத்திற்கு அருகில், அரசு கஸ்தூரிபா காந்தி தாய் சேய் நல மருத்துவமனை அமைந்துள்ளது. ஆயினும் அந்நகர மக்கள் பலர் இதனைக் ‘கோஷா ஆஸ்பத்திரி’ என்றே அழைக்கின்றனர். இந்தப் பழைய பெயர் எவ்வாறு வந்தது? அது ஏன் மாறியது? இவ்வினாக்களுக்கு விடை காண 19ஆம் நூற்றாண்டுச் சென்னையை அறிதல் வேண்டும்.

திரைக்குப் பின்னால்

‘கோஷா’ என்பது பாரசீகச் சொல். மூலை, ஒதுக்கிடம் என்பன அதன் பொருள். அயல் ஆடவர் கண்ணில் படாமல் வீட்டின் உட்பகுதியிலேயே வாழ்ந்த பெண்களைக் ‘கோஷாப் பெண்கள்’ என்று வழங்கினர். அக்காலத்தில் இசுலாமியக் குடும்பங்கள் பலவற்றிலும், சாதிக் கட்டுப்பாடு மிகுந்த இந்துக் குடும்பங்கள் பலவற்றிலும், ஆண் மருத்துவரிடம் பெண்கள் சிகிச்சை பெறுவது இழுக்காகக் கருதப்பட்டது.

சென்னையில் 1844ஆம் ஆண்டிலேயே அரசு மகப்பேறு மருத்துவமனை தொடங்கப்பட்டிருந்தது. ஆனால், அங்கிருந்த மருத்துவர்கள் ஆண்களே. ஆகவே, அப்பெண்கள் வீட்டிலேயே குழந்தை பெற்றனர். ஊர் மருத்துவச்சியர் இயல்பான பேற்றில் கைதேர்ந்தவர்களாக இருந்தனர். எனினும், குழந்தை வயிற்றில் குறுக்காகக் கிடந்தாலோ, குருதிப்போக்கு நிற்காமல் போனாலோ அவர்களால் அதிகம் செய்ய இயலவில்லை. தூய்மையற்ற கைகளாலும் கருவிகளாலும் பரவிய பேறுகாலக் காய்ச்சலும் தாய்மார்களைப் பலி கொண்டது. சில தெருக்கள் தள்ளி மருத்துவர் இருந்தும் பெண்கள் வீட்டிற்குள்ளேயே உயிர் துறந்தனர்.

மருத்துவம் கற்ற பெண்

மேரி ஷார்லீப் என்னும் ஆங்கிலப் பெண்மணி, வழக்கறிஞரான தம் கணவருடன் 1866இல் சென்னைக்கு வந்தார். இந்தியப் பெண்கள் மகப்பேற்றின்போது படும் துன்பத்தைக் கேட்டறிந்து மனம் வருந்தினார். முதலில் மகப்பேறு மருத்துவமனையில் பயிற்சி பெற்றார். அப்பயிற்சி மட்டும் போதாது என்பதை விரைவில் உணர்ந்தார். அவர்களுக்கு வேண்டியது முழுமையாக மருத்துவம் கற்ற பெண் மருத்துவரே என்று தெளிந்தார்.

அக்காலத்தில் மருத்துவக் கல்வி பெண்களுக்கு எட்டாக்கனியாக இருந்தது. லண்டன் பல்கலைக்கழகம்கூட அப்போது பெண்களுக்கு மருத்துவப் பட்டம் வழங்கவில்லை. சென்னை மாகாணத்தின் உயர் மருத்துவ அதிகாரியாக விளங்கிய எட்வர்டு பால்ஃபர், பெண்கள் மருத்துவம் கற்பதை ஆதரித்தார். அதன் பயனாக, 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரி நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது. அவர்களுள் ஒருவர் மேரி ஷார்லீப். 1878இல் அங்குப் படிப்பை முடித்த அவர், மேலும் கற்பதற்காக லண்டன் சென்றார். அதற்குள் அப்பல்கலைக்கழகமும் பெண்களுக்குக் கதவைத் திறந்திருந்தது. 1882இல் பட்டம் பெற்று, 1883இல் சென்னைக்குத் திரும்பினார்.

பெண்கள் நடத்திய மருத்துவமனை

1885இல் மேரி ஷார்லீப்பின் முயற்சியால் ‘சாதி, கோஷாப் பெண்களுக்கான விக்டோரியா மருத்துவமனை’ நுங்கம்பாக்கத்தில் தொடங்கப்பட்டது. பிரிட்டிஷ் பேரரசியின் பெயரை அது தாங்கியிருந்தது. பெண்களே அங்கு மருத்துவம் பார்த்தனர். பெண்களின் வழக்கங்களைக் குறை கூறி அவர்களை அழைப்பதற்கு மாறாக, அவ்வழக்கங்களுக்கு இடமளித்தே அம்மருத்துவமனை அவர்களை உள்ளே வரச் செய்தது.

உடல்நலக் குறைவால் மேரி ஷார்லீப் 1887இல் இங்கிலாந்து திரும்பினார். அவர் தொடங்கிய பணியோ நின்றுவிடவில்லை. வெங்கடகிரி அரசர் பெருநன்கொடை அளித்தார். 1890இல் மருத்துவமனை இப்போதுள்ள சேப்பாக்கம் பகுதிக்கு இடம்பெயர்ந்தது.

பிற நகரங்களிலும் இதே தேவை இருந்தது. மும்பையில் காமா மருத்துவமனை 1886இல் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமாகத் திறக்கப்பட்டது. அங்கும் பெண் மருத்துவரே தலைமை ஏற்றார். தில்லியில் பெண்கள் மருத்துவம் பயில்வதற்காக லேடி ஹார்டிங்கே மருத்துவக் கல்லூரி 1916இல் தொடங்கப்பட்டது.

பெயர் மாறிய காரணம்

சென்னை மருத்துவமனையின் பழைய பெயரில் ஒரு குறையும் இருந்தது. ‘சாதி’ என்னும் சொல் சிலரை வரவேற்றது; பிறரை வெளியே நிறுத்தியது. நோய்க்கும் பேறுகால வலிக்கும் சாதி இல்லை. காலப்போக்கில் மருத்துவமனை அரசின் பொறுப்பில் வந்தது. நாடு விடுதலை பெற்ற பின்னர், 1944இல் ஆகா கான் மாளிகைச் சிறையில் உயிர்நீத்த கஸ்தூரிபா காந்தியின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. சாதியையும் கோஷாவையும் குறித்த சொற்கள் பெயரிலிருந்து நீங்கின. அவ்விடத்தில் தாயும் சேயும் இடம்பெற்றனர்.

இன்று எல்லாச் சமயத்தைச் சேர்ந்த பெண்களும், எல்லாச் சாதியைச் சேர்ந்த பெண்களும் அங்கு அடுத்தடுத்த படுக்கைகளில் சிகிச்சை பெறுகின்றனர். மருத்துவ மாணவர்கள் ஆண் பெண் வேறுபாடின்றி அங்குப் பயில்கின்றனர். ‘கோஷா ஆஸ்பத்திரி’ என்று சொல்லும் பலருக்கு அச்சொல்லின் பொருள் தெரியாது. பெண் மருத்துவர் அரிதாக இருந்த காலம் கடந்துவிட்டது என்பதற்கு அதுவே சான்றாகும்.

அருஞ்சொற்பொருள்

இழுக்கு – இகழ்ச்சி
பேறுகாலம் – குழந்தை பிறக்கும் காலம்
குருதிப்போக்கு – இரத்தம் வெளியேறுதல்
எட்டாக்கனி – அடைய முடியாதது
சேய் – குழந்தை

வினாக்கள்

1. அரசு மகப்பேறு மருத்துவமனை இருந்தும் பெண்கள் பலர் அங்குச் செல்லாதது ஏன்?
2. மேரி ஷார்லீப் மருத்துவம் கற்க விரும்பியதன் காரணம் யாது?
3. மருத்துவமனையின் பழைய பெயரால் விளைந்த நன்மையையும் அதிலிருந்த குறையையும் எழுதுக.
4. நீ வாழும் நகரில் உள்ள பழைய மருத்துவமனை ஒன்றின் பெயர்க்காரணத்தைப் பெரியோரிடம் கேட்டு, ஐந்து தொடர்களில் எழுதுக.